நீலம் போட்ட வெள்ளை

"மிஸ், படம் லோட் ஆகலை."

ஒரு பயிலரங்கில் மாணவி ஒருத்தி கைபேசியை என்னிடம் நீட்டிச் சொன்னாள். படம் லோட் ஆகித்தான் இருந்தது. ஊட்டா பார்த்தின் வெள்ளைப் படங்களில் ஒன்று அது. வெள்ளை அலமாரிக் கதவு, வெள்ளை இழுப்பறைகள், அவற்றின்மேல் ஜன்னல் வழியே வந்து விழுந்த வெயிலின் கட்டங்கள். அவ்வளவுதான். அவளுடைய திரையில் அது ஏறக்குறைய வெற்றுத் தாளாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணுமே இல்லையே" என்றார்கள். அந்த 'ஒண்ணுமே இல்லை'யைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பார்த் 1958இல் பெர்லினில் பிறந்தவர், லாஸ் ஏஞ்சலிஸில் வாழ்பவர். 1990களில் 'கிரவுண்ட்' என்ற வரிசையில் அவர் ஒரு காரியம் செய்தார். ஆள் நிற்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டார். அந்த இல்லாத ஆளின்மேல் லென்ஸைக் குவித்து, பின்னால் மங்கித் தெரிந்த சுவரையும் ஜன்னலையும் படமெடுத்தார். பிறகு படமெடுப்பதற்காக வெளியே எங்கும் போவதில்லை என்று தன் வீட்டுக்குள்ளேயே வேலை செய்யத் தொடங்கினார். 2011இல் வந்த 'காம்பொசிஷன்ஸ் ஆஃப் லைட் ஆன் ஒயிட்' என்ற வரிசை அவருடைய படுக்கையறையின் வெள்ளை அலமாரியையும் இழுப்பறைகளையும் பற்றியது. இவை கறுப்பு வெள்ளைப் படங்கள் அல்ல, வண்ணப் படங்கள். அவற்றில் வண்ணம் இருக்கிறது, மிகக் குறைவாக.

நாங்கள் அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தோம். முதலில் கைபேசியின் வெளிச்சத்தைக் கூட்டினோம். இரவு நேரத்தில் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரையை மஞ்சளாக்கும் ஏற்பாட்டை அணைத்தோம். இரண்டு நிமிடம் யாரும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு நிமிடம் ஒரு படத்தைப் பார்ப்பது இன்று யாருக்கும் பழக்கமில்லாத வேலை. முடிந்ததும் படம் லோட் ஆகவில்லை என்ற அதே பெண் சொன்னாள்: "இந்தப் பக்கம் வெண்ணெய் மாதிரி இருக்கு. அந்தப் பக்கம் ஊறவெச்ச ஜவ்வரிசி மாதிரி." அவளுக்கு முன்னால் இரண்டு வெள்ளைகள் இருந்தன. ஒன்றில் துளி மஞ்சள், மற்றொன்றில் துளி நீலம்.

முதலில் ஏன் தெரியவில்லை? கண்ணின் இயல்பு ஒரு காரணம். நாம் இருக்கும் வெளிச்சத்தின் நிறத்தைக் கண் கழித்துவிடும். குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்திலும் தாள் வெள்ளையாகவே தெரிகிறது. வெளியே நிழலில், வானத்தின் நீலம் பட்டுக் கிடக்கும்போதும் அதே தாள் வெள்ளைதான். இந்தக் கழித்தல் நடக்காவிட்டால் காலையில் வாங்கிய கத்தரிக்காயை மாலையில் அடையாளம் தெரியாது. அதனால் நாம் பொருளின் நிறத்தைப் பார்க்கிறோம், வெளிச்சத்தின் நிறத்தை விட்டுவிடுகிறோம். வெள்ளைக் கதவில் வெயில் பட்ட இடமும் நிழல் விழுந்த இடமும் ஒரே நிறம் இல்லை. ஆனால் அது 'வெள்ளைக் கதவு' என்று மனம் சொல்லிவிட்ட பிறகு கண் வேலையை நிறுத்திவிடுகிறது.

இன்னொரு காரணம் கண்ணில் இல்லை, கோப்பில் இருக்கிறது. டிஜிட்டல் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். சாதாரணப் படங்களில் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மூன்றும் சமமாக இருந்தால் நிறமற்ற சாம்பல். 236, 233, 226 என்று இருந்தால் இளமஞ்சள் ஏறிய வெள்ளை. 226, 230, 236 என்றால் நீலம் ஏறிய வெள்ளை. பத்து எண்களுக்குள் இருக்கும் இந்த வித்தியாசம்தான் நாம் பேசும் நிறம். இப்போது இந்தப் படத்தை ஜேபெக் கோப்பாகச் சுருக்குகிறோம். ஜேபெக் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும். வெளிச்ச விவரத்தை ஓரளவு முழுமையாக வைத்துக்கொள்ளும். நிறத்துக்குப் பெரும்பாலும் நான்கு புள்ளிகளுக்கு ஒரு மதிப்புதான் மிஞ்சும். அதையும் பின்னர் இன்னும் முரட்டுத்தனமாக வெட்டும். நுண்ணிய விவரத்தில் மனிதக் கண் நிறத்தைவிட வெளிச்சத்தையே கூர்மையாகப் பார்க்கும் என்பது அதற்கான நியாயம். நியாயம் சரியானதுதான். ஆனால் இடம் போதாதபோது முதலில் தூக்கி எறியப்படுவது நிறம் என்பதைக் கவனியுங்கள். படம் ஒவ்வொரு கை மாறும்போதும் வெண்ணெயும் ஜவ்வரிசியும் ஒன்றாகிக்கொண்டே வருகின்றன.

எங்கள் பெரியம்மாவுக்கு ஜேபெக் தெரியாது. ஆனால் வெள்ளையில் எத்தனை வெள்ளை என்று தெரியும். வீட்டு ஆண்களின் வேட்டிகளையும் சட்டைகளையும் துவைத்து அலசி, கடைசித் தண்ணீரில் சொட்டு நீலம் போடுவார். எத்தனை சொட்டு என்று அளவு கிடையாது. தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி, வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார். கொஞ்சம் குறைந்தால் துணியின் பழுப்பு போகாது. கூடினால் திட்டுத் திட்டாக நீலம் பிடித்து, யாராவது ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் முகத்தைச் சுளிப்பார்.

இதில் நடப்பது என்ன? பழகிய பருத்தித் துணி நீல ஒளியை விழுங்குவதால் மஞ்சளடிக்கிறது. நீலம் போட்டால் அந்த மஞ்சள் சமமாகிறது. உண்மையில் துணி முன்பைவிடச் சற்று இருண்டிருக்கிறது. ஆனால் கண்ணுக்கு வெளுத்துத் தெரிகிறது. கேமராவில் 'ஒயிட் பேலன்ஸ்' என்று ஒன்று இருக்கிறதே, அது செய்வதும் இதைத்தான்: மஞ்சள் கூடியிருந்தால் நீலத்தை ஏற்றி வெள்ளையை வெள்ளையாக்குவது. கேமராவில் அதற்கு ஒரு பொத்தான், ஒரு கையேடு, ஒரு பாடத்திட்டம். பெரியம்மாவிடம் இருந்ததை யாரும் அறிவு என்று அழைக்கவில்லை. வீட்டு வேலை என்றார்கள்.

இந்த இடத்தில் எளிதாக ஒரு தவறு செய்யலாம். பெண்களுக்கு இயல்பிலேயே நிறம் நன்றாகத் தெரியும் என்று சொல்லிவிடலாம். உடற்கூறில் ஒரு வித்தியாசம் உண்டு. சிவப்பையும் பச்சையையும் உணரும் நிறமிகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத குறை ஆண்களிடம் அதிகம். வட ஐரோப்பிய வம்சாவளியினரில் ஆண்களில் சுமார் 8 சதவீதம், பெண்களில் 0.5 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. ஆனால் மிச்சமுள்ள ஆண்களுக்குப் பழுப்பேறிய வேட்டி தெரியாமல் போவதற்குக் கண் காரணமில்லை. அதைத் துவைக்க வேண்டியவர் அவர் இல்லை என்பதே காரணம். பார்வை எங்கே கூர்மையாகிறது என்றால், தவறினால் திட்டு விழும் இடத்தில்.

ஐரோப்பியக் கலை விமர்சனத்தில் நிறமும் பெண்ணும் வேறு வகையில் சேர்த்து வைக்கப்பட்டிருந்தார்கள். 1810இல் வந்த நிறக் கோட்பாட்டு நூலில் கெத்தே, நாகரிகமற்றவர்களும் கல்லாதவர்களும் குழந்தைகளும் பளிச்சென்ற நிறங்களை விரும்புவார்கள், பண்பட்டவர்கள் தவிர்ப்பார்கள் என்றார். 1867இல் சார்ல் பிளாங்க் என்ற பிரெஞ்சு விமர்சகர் ஒரு படி மேலே போனார்: கலையில் கோடு ஆண்பால், நிறம் பெண்பால், இரண்டும் சேர வேண்டும், ஆனால் கோடுதான் ஆள வேண்டும், இல்லையென்றால் ஏவாளால் மனிதகுலம் வீழ்ந்ததுபோல் நிறத்தால் ஓவியம் வீழும். புகைப்படத்துக்கும் இந்த மனப்பான்மை வந்து சேர்ந்தது. அமெரிக்கரான வாக்கர் எவன்ஸ் 1969இல் வண்ணப் புகைப்படத்தைக் கொச்சையானது என்று எழுதினார். (சில ஆண்டுகளில் அவரே போலராய்டு கேமராவை எடுத்துக்கொண்டு வண்ணத்தில் படமெடுத்தார் என்பது வேறு கதை.) கனமான விஷயம் என்றால் கறுப்பு வெள்ளை, விளம்பரமும் குடும்ப ஆல்பமும் வண்ணம் என்று ஒரு பிரிவினை நெடுநாள் இருந்தது.

இன்று அந்தப் பிரிவினைக்கு ஒரு சமரசம் கண்டுபிடித்திருக்கிறோம். படத்தை எடிட் செய்யும் செயலியில் 'சாச்சுரேஷன்' என்றொரு ஸ்லைடர் இருக்கிறது. அதை இடப்பக்கம் இழுத்தால் நிறச்செறிவு குறையும். கடைசிவரை இழுத்தால் கறுப்பு வெள்ளை. அதற்குச் சற்று முன்னால் நிறுத்தினால் 'கலைப்படம்'. வறுமை, துயரம், கிராமம், மூதாட்டி, மழை என்றால் இந்த வெளிறிய நிறம் வந்துவிடுகிறது. பார்த்தவுடன் ஆழமானது என்று தோன்றிவிடும்.

பார்த்தின் படத்தையும் இந்தப் படங்களையும் ஒரே கூடையில் போட முடியாது. இரண்டிலும் நிறம் குறைவு என்பது உண்மை. பார்த்தின் அறையில் பொருளே வெள்ளை. குறைவாக இருந்த நிறத்தை அவர் காத்திருந்து பார்க்கிறார். ஸ்லைடரை இழுப்பவர் இருந்த நிறத்தை எடுத்துவிடுகிறார். முன்னது நம்மைக் கூடுதலாகப் பார்க்க வைக்கிறது. பின்னது, மூதாட்டியின் சேலை பச்சையா சிவப்பா என்று நாம் கேட்கவே தேவையில்லை என்று முடிவு செய்துவிடுகிறது. அந்தச் சேலையை அவர் கடையில் பிரித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பார். அந்தத் தேர்வு படத்திலிருந்து அழிகிறது. குறைவான நிறம் வேறு, குறைக்கப்பட்ட நிறம் வேறு. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பழகுவதுதான் ஒரு பார்வையாளர் செய்யக்கூடிய விமர்சனம் என்று நினைக்கிறேன்.

குறைக்கப்பட்ட நிறம் அதிகம் சேதப்படுத்துவது தோலை. எடிட் செய்பவர்களுக்குத் தெரியும், மனிதத் தோல் எதுவானாலும் செயலியின் கணக்கில் ஆரஞ்சு வரிசையில்தான் வரும். ஆரஞ்சின் செறிவைக் குறைத்து, வெளிச்சத்தை ஏற்றுவது பரவலான பழக்கம். வெளுத்த தோலில் இதைச் செய்தால் பீங்கான்போல ஆகிறது. அதை அழகு என்கிறோம். கறுத்த தோலில் செய்தால் சாம்பல் பூக்கிறது. நம் கறுப்பில் செம்மண் இருக்கிறது, கருப்பட்டி இருக்கிறது, எண்ணெய் மினுக்கில் ஜன்னலின் நீலம் இருக்கிறது. செறிவு போனதும் அடுப்புச் சாம்பல் மட்டும் மிஞ்சுகிறது. பார்ப்பவர்களுக்கு அவள் நோயாளியாகவோ புழுதி படிந்தவளாகவோ தெரிகிறாள்.

கருவிகளில் இந்தச் சாய்வு புதிதல்ல. பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் கூடங்களுக்கு ஓர் அட்டை அனுப்பும். அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படம் இருக்கும். அவள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று பொருள். முதலில் அந்த அட்டையில் இருந்த ஊழியரின் பெயரால் அதை 'ஷெர்லி கார்டு' என்றார்கள். கனடிய ஆய்வாளர் லோர்னா ரோத் இதன் வரலாற்றை எழுதியிருக்கிறார். பழுப்பு நிறங்கள் பிலிமில் ஒழுங்காக வரவில்லை என்ற புகார், சாக்லேட் தயாரிப்பவர்களிடமிருந்தும் மர அறைகலன் விற்பவர்களிடமிருந்தும் வந்தபோதுதான் நிறுவனம் அசைந்தது என்று அவர் பதிவு செய்கிறார். ஒரு பெண்ணின் முகமே அளவுகோலாக இருந்தது. இன்னொரு பெண்ணின் முகம் சாக்லேட்டின் தயவில் தெளிவு பெற்றது.

இதற்கு எதிர்த்திசையில் போன ஒரு படைப்பையும் மாணவிகளுக்குக் காட்டினேன். கேரி மே வீம்ஸின் 'கலர்டு பீப்பிள்', 1989–90. கறுப்பினக் குழந்தைகள், இளையவர்களின் முகங்கள். கறுப்பு வெள்ளைப் படங்களின்மேல் நீலம், மஞ்சள், மெஜந்தா என்று சாயம் ஏற்றி, அந்த நிறத்தையே பெயராகவும் வைத்தார். கறுப்பினத்தவர் தமக்குள் ஒருவர் தோலை இன்னொருவர் தோலிலிருந்து பிரித்துச் சொல்லும் சொற்கள் அவை. அச்சொற்களில் கொஞ்சலும் உண்டு, ஏற்றத்தாழ்வும் உண்டு. நம்மிடமும் அப்படி இருக்கின்றன: மாநிறம், புதுநிறம், அட்டைக்கறுப்பு. 'நல்ல சிவப்பு' என்று பெண் பார்க்கப் போனவர்கள் சொல்வது சிவப்பை அல்ல, வெளுப்பை. நம் பேச்சில் சிவப்பு என்ற சொல்லே தன் நிறத்தை இழந்து நிற்கிறது.

நிறத்தைக் குறைப்பது நம் ஊரில் ரசனைத் தேர்வாகத் தொடங்கவில்லை. பல சாதிகளில் அது கணவனை இழந்தவளுக்கான விதி. பொட்டு, பூ, மஞ்சள், வண்ணச் சேலை என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு வெள்ளையை உடுத்தினார்கள். அந்த வெள்ளைக்கும் யாரோ நீலம் போட்டிருப்பார்கள். வெளிறிய படங்களில் மூதாட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவு வருகிறது. படமெடுத்தவருக்கு அந்த எண்ணம் இருந்திருக்காது. ஆனால் பெண்ணிடமிருந்து நிறத்தை எடுத்துவிட்டு, மிஞ்சியதைக் கண்ணியம் என்று அழைக்கும் பழக்கம் அவருக்கும் முந்தியது.

நுண்ணிய நிறத்தைப் பார்ப்பது தன்னளவிலேயே நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. தமிழில் அதற்கு மிகப் பழைய சான்று பசலை. அகப்பாடல்களில் தலைவியின் மேனி மாந்தளிரின் நிறம் கொண்டது, அது மாமை. பிரிவில் அதன்மேல் பசலை பரவும், பீர்க்கம்பூவின் மஞ்சளைப்போல. திருக்குறளில் 119ஆம் அதிகாரம் முழுவதும் அந்த நிறமாற்றம் பற்றியதே. கறுத்த தோலில் படரும் மெல்லிய மஞ்சளைப் பார்க்கத் தெரிந்த மொழி இது. ஆனால் யார் பார்க்கிறார்கள்? தோழி பார்க்கிறாள், காரணம் அறிந்து கவலைப்படுகிறாள். ஊர் பார்க்கிறது, அலர் தூற்றுகிறது. செவிலி பார்க்கிறாள், முருகன் அணங்கினான் என்று நினைத்து வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள். ஒரே நிறம்; அது அக்கறையாகவும் கண்காணிப்பாகவும் தவறான மருத்துவமாகவும் வாசிக்கப்படுகிறது. மேலும், அவள் உடலே ஓர் ஆண் வந்தானா போனானா என்பதன் அறிக்கையாக இருக்கிறது. பசலையைக் கண்டுகொண்ட கவிதையை ரசிக்கும்போது இதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இதே கேள்வியைப் பார்த்திடமும் கேட்கலாம். அந்த வீடு மிகவும் சுத்தமாக இருக்கிறது. இழுப்பறையில் ஒரு விரல் தடம்கூட இல்லை. யார் துடைத்தார்கள்? கலிபோர்னியாவில் சொந்த வீடு, அதில் வெயில் வரும் ஜன்னல், ஒரு காலை முழுவதும் வெயில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரம். இவை எல்லாப் பெண்களுக்கும் கிடைப்பவை அல்ல. வெள்ளைச் சுவருக்கு முன்னால் அதிக நேரம் நிற்பவள் பெரும்பாலும் அதைத் துடைப்பவள்தான். படத்தில் அவள் இல்லை. இந்தக் குறையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதே 2011இல் வந்த இன்னொரு வரிசையில் ('அண்ட் டு டிரா எ பிரைட் ஒயிட் லைன் வித் லைட்') பார்த் ஜன்னல் திரைச்சீலையைத் தன் கையால் நகர்த்தி, அதில் விழும் ஒளிக்கோட்டை அகலமாக்குகிறார். சில படங்களில் அவருடைய கையும் தெரிகிறது. ஒளி தானாக வந்து விழவில்லை, ஒரு பெண் திரையை இழுத்துவிட்டிருக்கிறாள் என்று அந்தப் படம் ஒப்புக்கொள்கிறது. எனக்கு அந்த வரிசையே அதிகம் பிடிக்கிறது.

பயிலரங்கின் முடிவில் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் ஏறக்குறைய நிறமே இல்லாத ஏதாவது ஒன்றைப் படமெடுக்க வேண்டும். செறிவைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அதில் இருக்கும் நிறங்களுக்குப் பெயர் சொல்ல வேண்டும். மறுநாள் வடித்த கஞ்சி, எவர்சில்வர் தட்டு, கொசுவலை, கோலமாவு டப்பா எல்லாம் வந்தன. ஒருத்தி அம்மாவின் உள்ளங்கையை எடுத்திருந்தாள். "வெளுத்த ரோஸ்" என்று பெயர் எழுதியிருந்தாள். அழகான படம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கிராம சுகாதாரச் செவிலியர்கள் கீழ் இமையை மெல்ல இழுத்து உள்ளே சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதுவும் துளி நிறத்தைப் பார்க்கும் வேலைதான். வெளுப்பு தெரிந்தால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

படத்தை நம்பாதே என்று அவளிடம் சொன்னேன். கேமரா தன் இஷ்டத்துக்கு வெள்ளையைச் சரிசெய்திருக்கும், கோப்பு நிறத்தை வெட்டியிருக்கும், உன் கைபேசி வேறு மஞ்சளில் இருக்கிறது. நாளைக் காலையில் விடிந்ததும் அம்மாவை வாசலுக்கு அழைத்துவா. டியூப்லைட்டில் வேண்டாம், பகல் வெளிச்சத்தில் கண் இமையை இழுத்துப் பார். உன் இமையோடும் ஒப்பிட்டுப் பார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அவள் கைபேசியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். "அம்மா காலையில நிக்க மாட்டாங்க மிஸ், வேலை இருக்கும்" என்றாள்.